பழம் பாட்டைப் பகிரும் முறை

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

மக்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் பொருள்கள் பலவற்றுள்ளும் பாட்டு ஒரு தனி இயல்புடையது. சோற்றைப் பகிர்ந்தால் பகிர்ந்தவன் பங்கு குறையும்; நிலத்தைப் பகிர்ந்தால் எல்லை குறுகும்; பாட்டோ பகிருந்தோறும் பெருகும். இவ்வுண்மை யாவரும் அறிந்ததே. ஆயினும், பாட்டைப் பகிர்வதற்கும் ஒரு முறை உண்டென்பதையும், அம்முறையை இக்காலத்து மாணவராகிய யாம் பெரும்பாலும் கைவிட்டுவிட்டோம் என்பதையும் எடுத்துக் கூறுதற்கே இச்சிறு கட்டுரை எழுந்தது. கற்றுவல்ல ஆசிரியர்களும், இக்கல்லூரியின் பழைய மாணவர்களும் இதன்கண் காணப்படும் குற்றங்களைப் பொறுத்தருள்வாராக.

யான் கும்மிடிப்பூண்டியிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலில் கல்லூரிக்கு வருபவன். சென்னைக்கு வடக்கே, ஆந்திர நாட்டெல்லையை அடுத்துள்ள எம்மூரை, சிப்காட் தொழிற்பேட்டையின் பெயராலேயே பலரும் அறிவர். அங்குள்ள இரும்பாலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் பணிசெய்தற்பொருட்டு ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் ஒரே அறையில் பலராகத் தங்கி வாழ்கின்றனர். தெலுங்கைத் தாய்மொழியாக உடைய குடும்பங்கள் எம் தெருவிலேயே பல. இவற்றோடு, 1983 ஆம் ஆண்டுக்குப் பின் பல அலைகளாக இலங்கையினின்றும் கடல் கடந்து வந்த தமிழருக்குரிய முகாம்களுள் ஒன்றும் கும்மிடிப்பூண்டியிலுள்ளது. இங்ஙனம் பல திசையிலிருந்தும் வந்தோர் ஒரே ரயிற்பெட்டியில் நெருக்குண்டு அமரும்போது, பேச்சுக்கு முன்னரே பாட்டு அவர்களை அறிமுகஞ்செய்து வைக்கிறது. கவரைப்பேட்டையைக் கடக்குமுன் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பழம் பாட்டை எழுப்புவார். பொன்னேரி வருமுன் அதற்கு விடையாக மற்றொருவர் வேறொன்றை எழுப்புவார்.

அங்ஙனம் எழும் பாட்டுக்கள் பெரும்பாலும் சென்ற தலைமுறையினவே. தொழிற்சாலையில் மேற்பார்வை செய்யும் ஒரு பெரியவர்க்கு டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் இன்றியமையாதவர். அவரினும் இளையவர்க்கு, 1976 ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையுலகிற் புகுந்த இளையராஜாவின் இசையே இசை. என் போன்றோரின் அண்ணன்மார்க்கோ, 1992 ஆம் ஆண்டில் வந்த ‘ரோஜா’விலிருந்து உலகம் தொடங்குகிறது. எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் கேட்கும்போது மட்டும் மூன்று தலைமுறையும் ஒருங்கே அடங்கியிருக்கக் கண்டிருக்கிறேன். 2020 ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தபோது, அவருடல் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில் அடக்கஞ்செய்யப்பெற்றமையால், அவரை எம்மவர் என்றே எம் ஊரார் சொல்லிக்கொள்வர். அசாமியத் தொழிலாளர் ஒருவர் பூபேன் ஹசாரிகாவின் பாட்டொன்றை எழுப்பியபோது அதன் ஒரு சொல்லும் எமக்கு விளங்கவில்லை; ஆயினும், அது ஓர் ஆற்றைப் பற்றிய பாட்டென்பதை அவர் கையசைத்துக் காட்டிய விதத்தாலேயே அறிந்துகொண்டோம்.

இத்துணைச் சிறந்த ஒரு பழக்கத்திற் குறையென்னை என்று கேட்பீராயின், அதனை என் குற்றத்தைச் சொல்லியே விளக்கவேண்டியவனாக இருக்கிறேன்.

என்னோடு அவ்வண்டியில் வரும் தோழர் ஒருவர் முகாமிலே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மப்பா 1990 ஆம் ஆண்டில், இரண்டு பிள்ளைகளையும் ஒரு துணிப்பையையும் சுமந்து, படகேறி மண்டபத்தில் வந்திறங்கியவர். சென்ற ஆண்டு ஒரு நாட்காலையில், பாட்டெழுப்பும் முறை தோழரை அடைந்தபோது, அவர் தம் அம்மப்பாவுக்கு மிகவும் பிடித்ததென்று சொல்லி ஒரு பாட்டை எழுப்பினார். அஃது இலங்கைத் தமிழ்ப் ‘பொப்’ பாட்டு. நாம் ‘பாப்’ என்று எழுதும் சொல்லை அந்நாட்டார் ‘பொப்’ என்றே எழுதுவர். அவ்விசையைப் பொப்பிசை என்பர். கிதாரும் கைதட்டலுமாக விரைந்தோடும் மெட்டு. மாமியை விளித்துக் கேலிபேசும் எளிய சொற்கள். பெட்டியிலிருந்த யாவரும் நகைத்தனர். நகைத்தவருள் யானும் ஒருவன். நகைத்ததோடு அமையாது, “சங்க நூல் படிக்கும் எமக்கு இதுவா பாட்டு?” என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டேன். தோழர் ஒன்றும் மறுமொழி கூறாமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அதன்பின் பல திங்கள் வரையில் அவர் அவ்வண்டியில் எந்தப் பாட்டையும் எழுப்பவில்லை.

யான் இகழ்ந்த அப்பாட்டு இன்னதென்பதைப் பின்னரே தேடித் தெரிந்துகொண்டேன். ‘சின்ன மாமியே’ என்னும் அப்பாட்டைப் பாடிப் புகழ்பெற்றவர் யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் என்பவர். 1960களின் இறுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழிளைஞர் தமக்கென ஒரு மெல்லிசையை ஆக்கிக்கொண்டபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவராக நின்றவர் அவர். அவ்வரிசையிற் சிறந்த மற்றொருவர் ஏ. இ. மனோகரன். சிங்களச் சொற்களாலாகிய ‘சுராங்கனி’ என்னும் பாட்டை அவர் பாடிப் பரப்பினார். அதன் மெட்டு 1977 ஆம் ஆண்டில் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திலும் புகுந்தது. சிலோன் மனோகர் என்ற பெயரோடு நம் நாட்டுத் திரைப்படங்களிலும் நடித்த அவர் 2018 ஆம் ஆண்டில் சென்னையிலேயே மறைந்தார். ‘சுராங்கனி’யை நம் ஊர்த் திருமண வீடுகளில் கேளாதார் யாவர்? அது கடல் கடந்து வந்ததென்பதை அறிந்தார் யாவர்?

இவ்விசைக்கு வேர் இன்னும் பின்னே செல்கின்றது. இலங்கையில் ‘பைலா’ என வழங்கும் ஆடற்பாட்டு, 16 ஆம் நூற்றாண்டில் அங்கு வந்திறங்கிய போர்ச்சுகீசியராலும், அவரோடு வந்த ஆப்பிரிக்க மக்களாலும் விதைக்கப்பட்டது. ‘பைலார்’ என்னும் போர்ச்சுகீசியச் சொல்லுக்கு ஆடுதல் என்பது பொருள். அதே நூற்றாண்டில் அதே போர்ச்சுகீசியர், எம்மூருக்கு அணித்தாகிய பழவேற்காட்டிலும் வாணிகம் செய்து தங்கியிருந்தனர். அவர்க்குப் பின் ஒல்லாந்தர் வந்து அங்கே கோட்டை கட்டினர். அவ்வொல்லாந்தரின் கல்லறைகளைப் பார்க்க யாம் பள்ளிப்பருவத்தில் சுற்றுலாச் சென்றதுண்டு. அக்கடற்கரையில் வந்திறங்கியவர் இலங்கைக் கரையில் விட்டுச்சென்ற ஆடற்சந்தம், தமிழ் உடுத்து, 1990 ஆம் ஆண்டில் ஒரு முதியவர் நெஞ்சிலே தங்கி, எம்மூருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இத்தகைய நெடுவழி நடந்துவந்த விருந்தை வாயிலில் நிறுத்தி நகைத்தவர் யாம்.

மேலும், பழம் பாட்டைப் பகிரும் கலையில் இலங்கைக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1952 ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஒலிபரப்பு அமைச்சராக அமர்ந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டுக்கள் நம் வானொலியில் ஒலிப்பதை விரும்பாது குறைத்தார். அப்போது இந்நாட்டு மக்கள் தம் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகள் கொழும்பில் நிறுவிய வலிய ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்தபின் அவ்வானொலிக்குக் கிடைத்தமையால், அதன் ஒலி நெடுந்தொலைவு சென்று கேட்டது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலிய அறிவிப்பாளரின் தெளிந்த தமிழ் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளிலெல்லாம் ஒலித்தது. ‘பொங்கும் பூம்புனல்’ என்னும் நிகழ்ச்சியின் பெயரை இன்றும் சொல்லி மகிழும் முதியோர் நம் மாவட்டத்தில் உளர். நம் அரசு தன் கொள்கையை நெகிழ்த்து, விவித பாரதி ஒலிபரப்பைத் தொடங்கியது 1957 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாளில். அதுவரையில் நம் பாட்டுக்களை நமக்கே கொண்டுவந்து தந்தவர் கடலுக்கு அப்பாலிருந்த தமிழரே. அன்று அவர் நம் பாட்டைப் பேணினர்; இன்று அவர் பாட்டு நம் ஊருக்கு வந்திருக்கும்போது, அதனைப் பேணுதல் நமக்கு முறையன்றோ?

அவ்வறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே செய்த ஒரு செயலை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். படம் இன்னது, எழுதியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார், பாடியவர் இன்னார் என்று கூறுவர். விரும்பிக் கேட்ட நேயரின் பெயரையும் ஊரையும் கூறுவர். அதன் பின்னரே பாட்டு ஒலிக்கும். பாட்டைப் பகிரும் முறை என்று யான் கூறுவது இதுவே. இஃது அவ்வானொலி புதிதாகக் கண்டதன்று. நம் முன்னோர் கைக்கொண்டதே. புறநானூற்றை எடுத்துப் பார்மின். பாட்டு முடிந்ததும், அதன் திணை இன்னது, துறை இன்னது, இன்னாரை இன்னார் பாடியது என்னும் குறிப்பு நிற்கும். பரிபாடலோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. 70 பாட்டுக்களுள் நமக்குக் கிடைத்தவை 22 முழுப்பாட்டுக்களே. எனினும், அவற்றுட் பலவற்றின் இறுதியில் பாட்டை இயற்றிய புலவர் பெயரும், அதற்கு இசை வகுத்தவர் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. சொல்லமைத்தவர் வேறு, இசையமைத்தவர் வேறு என்பதையும், இருவரும் போற்றத்தக்கவர் என்பதையும் அப்பழங்காலத்திலேயே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். நம் தேவாலயத்துக் கீர்த்தனைப் புத்தகத்திலும் பாட்டின் தலையில் இராகமும் தாளமும், அடியில் ஆக்கியோர் பெயரும் அச்சிடப்பட்டிருத்தலை ஞாயிறுதோறும் காண்கிறோம்.

குறிப்பு அழிந்தால் என் நிகழும் என்பதற்கும் நம் இலக்கியமே சான்று. குறுந்தொகையின் 40 ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. ஆதலின், அவர் ஆண்ட உவமையையே அவர்க்குப் பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். உலகத்து மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டுப் புகழுற்ற அப்பாட்டைப் பாடியவர் எவ்வூரார் என்று கேட்பார்க்கு மறுமொழி இல்லை. பரிபாடலுக்கு வகுத்த இசையோ முற்றிலும் மறைந்தது. பண்ணின் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. அப்பெயரும் எஞ்சாதிருப்பின், அவை பாடப்பட்டவை என்பதற்கே உறுதியான சான்று ஒன்று குறைந்திருக்கும்.

இனி, இக்காலத்து நம் வழக்கத்தை நோக்குவோம். 1944 ஆம் ஆண்டில் வெளிவந்து பெயர்பெற்ற ‘ஹரிதாஸ்’ படப் பாட்டுக்களைப் பாகவதர் பாட்டு என்பர். அவற்றை இயற்றிய பாபநாசம் சிவனை நினைப்பார் சிலர். 1959 ஆம் ஆண்டில், 29 வயதிலேயே உயிர்நீத்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுக்கள் பலவற்றை எம்.ஜி.ஆர். பாட்டு என்றே எம் வண்டியில் வழங்குவர். வாயசைத்தவர் பெயர் நிலைக்க, பாட்டைப் பெற்றெடுத்தவர் பெயர் மறைகின்றது. இது நன்றி மறத்தலின்பாற்படும்.

“இக்குறை எளிதில் நீங்கும், கைப்பேசியைத் தட்டினால் இசையமைத்தவர், பாடியவர் பெயரெல்லாம் தோன்றுமே” என்று கூறுவாருமுளர். அஃதொக்கும். ஆயினும், கைப்பேசி ஒருபோதும் தர இயலாத குறிப்பொன்று உண்டு. இப்பாட்டை நீ யாரிடமிருந்து பெற்றாய்? எவ்விடத்தில், எக்காலத்தில் கேட்டாய்? இக்குறிப்பு, பாட்டைத் தருபவர் வாயிலன்றி வேறெங்கும் இல்லை. அவ்வாய் மூடிய பின் அது யாங்குத் தேடினும் கிடைப்பதன்று.

இதனையும் யான் காலந்தாழ்த்தே கற்றேன். சென்ற மார்கழியில் தோழரின் அம்மப்பா காலமானார். துக்கம் கேட்கச் சென்ற எம்மை அவருடைய அம்மம்மா அன்புடன் அமரச் செய்து தேநீர் தந்தார். தோழர் என்னைக் காட்டி, “அம்மப்பாவின் பாட்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்” என்றார். என் நகைப்பை அவர் அம்முதியவளிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. அம்மம்மா சிறிதுநேரம் நினைத்துப் பார்த்தார். பின், “தம்பி, அந்தப் பாட்டை அவர் யாரோ சிநேகிதரோடு ஒரு கலியாண வீட்டில் படிச்சவர் என்று சொல்லுவார். எந்த ஊர்க் கலியாணம், கூடப் படிச்சது யார் என்று எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேட்டிருக்கவேணும்” என்றார். பாட்டைப் படித்தல் என்று அவர் நாட்டார் சொல்வது பாடுதலையே. யாம் வேறொன்றும் கேட்க இயலாமல் எழுந்து வந்தோம்.

அம்முதியவர் வந்த படகிலே இசைத்தட்டு ஒன்றும் வரவில்லை. நிழற்படம் ஒன்றும் வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பொதுநூலகம் 1981 ஆம் ஆண்டில் தீக்கிரையானபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒருங்கே அழிந்தன என்பர். அத்தகைய நாட்டினின்று வெறுங்கையராய் வந்தோர்க்குத் தம் இளமைக்கும், ஊருக்கும், இழந்த சுற்றத்தார்க்கும் ஆவணமாய் நின்றது நாவிலிருந்த பாட்டே. அந்தக் கலியாண வீட்டின் ஊரும், அச்சிநேகிதரின் பெயரும் எம் வண்டியில் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தன. கேட்டிருந்தால் பேரன் அன்றே சென்று கேட்டு வந்திருப்பான். யான் கேளாது நகைத்தேன்.

ஆதலின், பழம் பாட்டைப் பகிர்வதில் மூன்று கடமைகள் உண்டென்பது என் துணிபு. பாட்டைத் தருபவர் அதனை ஆக்கியோர் பெயரைச் சொல்லித் தருக. தாம் அதனைப் பெற்ற வழியைச் சொல்லித் தருக. பெறுபவர் நகையாது கேட்டு, ஐயமுற்றதை வினவிப் பெறுக. இம்மூன்றும் அமைந்தால் ஒழிய அப்பகிர்வு நிறைவுறாது.

இக்கொள்கைக்கு மாறாகச் சொல்லத்தக்க தடைகள் சில உள. முதலாவது, “இத்தகைய மெல்லிய பாட்டுக்கள் கல்லூரி மாணவர் பேணத்தக்க தகுதியுடையன அல்ல” என்பது. யானும் முன்னர் அங்ஙனமே கருதினேன். ஆனால், ஏற்றப்பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கற்றோர் பன்னெடுங்காலம் ஏறெடுத்தும் பாராதிருந்தனர். அவற்றுட் பல எழுதுவாரின்றி இறந்துபட்ட பின்னரே, எஞ்சியவற்றைத் தொகுக்க அறிஞர் ஊரூராய் அலைய நேர்ந்தது. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர், அடுப்பிலும் ஆற்றிலும் இடப்பட்ட சுவடிகளை எண்ணி வருந்தியதை யாம் வகுப்பிற் படிக்கிறோம். அச்சுவடிகளை அழித்தோரும் அவற்றைத் தகுதியற்றவை என்று கருதியே அழித்தனர். எது தகுதியுடையது என்பதை வருங்காலம் முடிவுசெய்யும். அதுவரை அழியாது வைத்திருத்தலே நம் தொழில். எல்லாப் பாட்டும் ஒரு தரத்தவை என்று யான் கூறவில்லை. ‘சின்ன மாமியே’ குறுந்தொகை ஆகாது. ஆயினும், அதனால் ஒரு முதியவரின் வாழ்வை அறிய ஒரு வாயில் இருந்தது. அவ்வாயிலை அடைக்க எனக்கு உரிமையில்லை.

இரண்டாவது தடை, “பழமையை நினைந்து மகிழ்தல் மாணவரை மடியராக்கும், முன்னோக்க வேண்டிய பருவத்தில் பின்னோக்கச் செய்யும்” என்பது. இதிலும் ஓருண்மை உண்டு. காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் யாரென்றும் அறியாமல், ஒரே பாட்டைப் பன்முறை கேட்டு உருகுவாரை யானும் கண்டிருக்கிறேன். அது பகிர்தலன்று. ஒருவர் தம் பழமையை மற்றொருவர்க்குச் சொல்ல, அவர் தம் பழமையை இவர்க்குச் சொல்ல, இருவரும் அதுவரை அறியாததை அறிவாராயின் அது கல்வியேயாம். ஹசாரிகாவின் ஆற்றுப்பாட்டைக் கேட்ட அன்று மாலையே அதனைப் பற்றித் தேடினேன். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் துயரைப் பாடிய பால் ரோப்சனுடைய மிசிசிப்பிப் பாட்டின் தூண்டுதலால், பிரமபுத்திராக் கரையின் மக்களை நினைந்து ஹசாரிகா பாடியது ஒன்றுண்டு என்பதை அறிந்தேன். மிசிசிப்பியினின்று பிரமபுத்திராவுக்கும், அங்கிருந்து எம் ரயிற்பெட்டிக்கும் வந்த அவ்வாறு என்னை மடியனாக்கவில்லை.

மூன்றாவது, தடையாக வாராது உடன்பாடாக வருவது. “ஆம், பழம் பாட்டே பாட்டு, இக்காலத்தன எல்லாம் வெற்றோசை” என்று முதியோர் பலர் எம்மோடு சேர்ந்து கூற வருவர். அவரை வணங்கி மறுக்கிறேன். 1931 ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் முதற் பேசும்படம் வந்தபின் திரைப்பாட்டுப் பெருகியபோது, நாடக மேடையின் இசையை நேசித்தோர் வருந்தினர். மெல்லிசை வந்தபோது பாகவதரை நேசித்தோர் வருந்தினர். பின்னர் வந்த ஒவ்வொருவரையும் முன்னிருந்தோர் அங்ஙனமே வரவேற்றனர். இன்று யான் விரும்பிக் கேட்கும் பாட்டும் ஒருநாட் பழம் பாட்டாகும்; அன்று ஓர் இளைஞன் அதனைக் கேட்டு நகைப்பானோ, யாரிடம் பெற்றீர் என்று வினவுவானோ, யான் அறியேன். அவன் வினவவேண்டுமென்று விரும்புவேனாயின், இன்று யான் வினவக் கடவேன்.

இறுதியாக, நம் கல்லூரியார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நிகழும் இசைப்போட்டிகளில் பரிசு பெறுவோர் குரல்வளமுடைய சிலரே. அவை நிகழ்க. அவற்றோடு, பருவத்துக்கு ஒருமுறை ஒரு மாலைப்பொழுதைப் பழம் பாட்டுக்கு ஒதுக்குதல் வேண்டும். அதிற் பரிசு வேண்டா, தீர்ப்பாளரும் வேண்டா. வருவோர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியோரிடமிருந்து பெற்ற பாட்டு ஒன்றைக் கொணர்க. ஆக்கியோர் பெயரையும் தாம் பெற்ற வழியையும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லுக. பின் பாடுக, அன்றி ஒலிப்பிக்க. தெலுங்காயினும் ஒடியமாயினும் இந்தியாயினும், பாட்டின் பொருளைத் தமிழிற் சொல்ல அறிந்தார் அருகிருந்து உதவுக. நம் கல்லூரிப் பணியாளரும், சமையற்கூடத்தாரும், காவலரும் வருக. விடுமுறை நாளாயின், தொழிற்பேட்டையில் உழைக்கும் எம் வண்டித் தோழரையும் யான் அழைத்து வருவேன். பழைய மாணவர்கள் தாம் விடுதியிற் பயின்ற காலத்து ஒலித்த பாட்டைச் சொல்ல வந்தால் எமக்கு அதனினும் பேறில்லை. அன்று சொல்லப்பட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி நூலகத்தில் வைக்கவேண்டும். பாட்டின் சொற்களை எழுதவேண்டுவதில்லை. அவை வேறிடத்திற் கிடைக்கும். பாட்டின் அடியிலே நிற்கவேண்டிய குறிப்பை மட்டும் எழுதினால் போதும். பத்தாண்டு கழியின் அவ்வேடு இம்மாவட்டத்து மக்களின் வரலாறாக நிற்கும்.

அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்துக்கு உரியதை யான் முன்னரே எழுதிவைத்துள்ளேன். துக்கம் கேட்டு வந்த சில நாட்களுக்குப் பின், வண்டியில் என் தோழர் பக்கத்தில் அமர்ந்து, அன்று நகைத்தமைக்கு மன்னிப்புக் கேட்டு, அப்பாட்டை மீண்டும் எழுப்புமாறு வேண்டினேன். அவர் சிறிது தயங்கிப் பின் எழுப்பினார். முடிந்ததும் யான் எழுதிய குறிப்பு இது: ‘சின்ன மாமியே, பாடியவர் நித்தி கனகரத்தினம், இலங்கையில் ஒரு கலியாண வீட்டில் தோழர்க்குத் தாய்வழிப் பாட்டனாராகிய ஒருவர் தம் சிநேகிதரோடு பாடியது, ஊர் தெரியவில்லை, சிநேகிதர் பெயர் தெரியவில்லை, கும்மிடிப்பூண்டி வண்டியில் பேரனிடமிருந்து யான் பெற்றேன்.’ அவ்விரண்டு இடங்களும் இனி நிரம்பா. உங்கள் வீட்டில் அத்தகைய இடங்களை இன்றே கேட்டு நிரப்பத்தக்க பெரியோர் இருப்பார்களாயின், இவ்விதழை மூடிவைத்து அவரிடம் செல்லுமாறு வேண்டி அமைகிறேன்.